இனிட் மெத்தடை அழைப்பது யார்? டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கிளாஸ்களுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது

இனிட் மெத்தட், அதாவது ஓர் ஆப்ஜெக்டை முதல் வேலைக்குத் தயார்செய்யும் மெத்தட், என்று பேச்செடுத்தாலே மூன்று கருத்துகள் தவறாமல் வரும். "அதை யூனிட் டெஸ்டில் தொட முடியாது, முழு அப்ளிகேஷனையும் ஏற்றியாக வேண்டும்" என்பார் ஒருவர். "நாலு வரிதானே, அதற்கெல்லாம் எதற்கு டெஸ்ட்?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், மாக் எனும் போலி ஆப்ஜெக்டுகளைப் போட்டுத் தரும் கருவியே அதையும் ஓட்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். மூன்றும் தவறு, மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த மெத்தட் என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. அதை யார், எப்போது அழைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம்.

## தையல் மெஷினிலிருந்து தொடங்குவோம்

ஒரு தையல்கூடத்துக்குப் புது மெஷின் வருகிறது. பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தாயிற்று. பிறகு ஒருவர் ஊசியும் நூலும் கொண்டுவந்து கொடுக்கிறார். அவற்றை மெஷின் தானே செய்துகொள்வதில்லை. கொடுத்த உடனே தைக்கவும் முடியாது. பாபினில் நூல் சுற்ற வேண்டும். மேல்நூலை வழிப்படி இழுத்து ஊசிக்காதில் கோக்க வேண்டும். அடிநூலை மேலே எடுத்துவிட வேண்டும். அதன்பிறகுதான் மிதி.

கூடத்தில் ஓர் உதவியாளர் இருக்கிறார். தினமும் காலையில் எல்லா மெஷினுக்கும் நூல் கோத்து வைப்பது அவர் வேலை. தைப்பவர் வருகிறார், உட்காருகிறார், மிதிக்கிறார். நாளாக ஆக, நூல் கோப்பது என்று ஒரு வேலை இருப்பதே அவருக்கு மறந்துபோகிறது.

இப்போது அதே மெஷினைப் பழுது பார்ப்பவர் தன் மேசைக்கு எடுத்துப்போகிறார். அங்கே உதவியாளர் கிடையாது. ஊசி இருக்கிறது, நூல் இருக்கிறது, கோக்கத்தான் ஆளில்லை. மிதித்துப் பார்த்தால் மெஷின் ஓடும். ஊசி ஏறி இறங்கும். சத்தமும் சரியாகவே கேட்கும். துணியில் தையல் மட்டும் விழாது. இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாக் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

## எதற்கு என்ன பெயர்

ஒரு கிளாஸ் தன் வேலைக்கு இன்னொரு கிளாஸை நம்பியிருந்தால், அந்த இன்னொன்று இதன் டிபென்டன்சி, அதாவது சார்பு. சார்புகளைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் முறை டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். பழக்கம் முன்பே இருந்ததுதான். பெயர் பரவியது 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, சார்புகளைச் சேர்த்துக் கொடுக்கும் மென்பொருள் கன்டெய்னர். ஜாவாவில் ஸ்பிரிங் அப்படி ஒன்று. நம் தையல்கூட உதவியாளர் இவர்தான்.

கன்ஸ்ட்ரக்டர் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே ஓடுவது. இனிட் மெத்தட் அதற்கு அடுத்தது: ஆப்ஜெக்ட் பிறந்து, சார்புகள் எல்லாம் கைக்கு வந்தபின், முதல் உண்மையான வேலைக்கு முன் ஒரே ஒரு முறை ஓட வேண்டியது. ஜாவாவில் ஒரு மெத்தடின் தலையில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்ற அனொட்டேஷனை, அதாவது கன்டெய்னர் படித்துக்கொள்ளும் ஒரு முத்திரையை, ஒட்டினால் அது இனிட் மெத்தட் ஆகிவிடும். ஆங்குலர் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் என்ஜிஆன்இனிட் என்று பெயர் வைத்தாலே போதும்.

யூனிட் டெஸ்ட் என்பது ஒரு கிளாஸை மட்டும் தனியே எடுத்து, கன்டெய்னர், டேட்டாபேஸ், நெட்வொர்க் எதுவும் இல்லாமல் சோதிக்கும் சிறு நிரல். பழுது பார்ப்பவரின் மேசை. அங்கே உண்மையான சார்புக்குப் பதிலாக வைக்கும் போலி ஆப்ஜெக்ட் மாக். "இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் சொல்" என்று மாக்குக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது ஸ்டப் செய்வது.

இதுவரை: மெஷினை வைப்பது கன்ஸ்ட்ரக்டர், நூல் கொடுப்பது இன்ஜெக்‌ஷன், நூல் கோப்பது இனிட். உண்மையான ஓட்டத்தில் மூன்றையும் கன்டெய்னர் பார்த்துக்கொள்கிறது. யூனிட் டெஸ்டில் கன்டெய்னரே இல்லை.

## கையில் ஒரு கிளாஸ்

கருத்துப் பெட்டிகளில் தடை செய்த சொற்களைக் கண்டுபிடிக்கும் ஒரு கிளாஸை எடுத்துக்கொள்வோம். தொடங்கும்போதே தடைப்பட்டியலை ஒரு முறை எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கீழே இருப்பது எந்த மொழியும் அல்ல. இலக்கணத்தை மாற்றிக்கொண்டால் ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் டைப்ஸ்கிரிப்டிலும் இதே உருவம்தான் வரும்.

```
கிளாஸ் சொல்வடிகட்டி
    களஞ்சியம், கடிகாரம்
    தடைச்சொற்கள் = காலித்_தொகுப்பு
    ஏற்றிய_நேரம் = இல்லை

    கன்ஸ்ட்ரக்டர்(க, நே)
        களஞ்சியம் = க
        கடிகாரம் = நே

    தயார்_செய்()                  // இனிட் மெத்தட்
        ஒவ்வொரு வரிக்கும் : களஞ்சியம்.எல்லாச்_சொற்களும்()
            சொல் = சீராக்கு(வரி)
            சொல் காலி இல்லையெனில்
                தடைச்சொற்கள்.சேர்(சொல்)
        தடைச்சொற்கள் காலி எனில்
            எறி பட்டியல்_காலிப்_பிழை
        ஏற்றிய_நேரம் = கடிகாரம்.இப்போது()

    தடையா(சொல்)
        திருப்பு தடைச்சொற்கள்.உண்டா(சீராக்கு(சொல்))
```

'சீராக்கு' முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை வெட்டுகிறது, பிறகு யூனிகோட் வடிவத்தை ஒரே மாதிரி ஆக்குகிறது. இரண்டாவது வேலை ஏன் என்றால், 'பொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினி ஒப்பிட்டால் இரண்டும் வேறு சொற்கள். யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒற்றைக் குறியெண் வடிவத்தில் வந்து நிற்கும்.

"நாலு வரிதானே" என்று சொன்னவரிடம் இந்த மெத்தடைக் காட்டலாம். வெற்றிட வரி, குறியெண் வடிவம், காலிப் பட்டியல், நேரக் குறிப்பு என்று முடிவெடுக்கும் இடங்கள் நான்கு இருக்கின்றன. தவிர, இதில் ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப்போவதும் டெஸ்ட்தான்.

## கன்ஸ்ட்ரக்டரிலேயே முடித்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. பதில், சார்புகள் எந்த வழியில் வருகின்றன என்பதைப் பொறுத்தது.

ஸ்பிரிங்கில் வரிசை இப்படி: முதலில் கன்ஸ்ட்ரக்டர். அடுத்து, ஃபீல்டுகளுக்கும் (ஆப்ஜெக்டின் உள்மாறிகள்) செட்டர்களுக்கும் (அவற்றில் மதிப்பை வைக்கும் மெத்தடுகள்) சார்புகளைக் கொடுப்பது. அதற்கும் அடுத்துதான் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் ஒட்டிய மெத்தட். சார்புகள் ஃபீல்டு வழியாக வந்தால், கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் அந்த ஃபீல்டுகள் இன்னும் 'நல்'தான், அதாவது எதையும் சுட்டாத வெற்று நிலை. அங்கே களஞ்சியத்தைத் தொட்டால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வந்து விழும். இனிட் மெத்தட் என்ற ஏற்பாடு பிறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சார்புகள் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே டேட்டாபேஸைப் படிக்க ஆரம்பித்தால், அந்த ஆப்ஜெக்டை உருவாக்கும் ஒவ்வொரு டெஸ்டும், அதற்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பட்டியலுக்கு ஸ்டப் எழுதியாக வேண்டும். கன்ஸ்ட்ரக்டர் வாங்கிக்கொண்டால் போதும், வேலை செய்ய வேண்டாம் என்பது பெரும்பாலும் நல்ல விதி.

## டெஸ்டில் அழைப்பது நாம்தான்

கன்டெய்னர் இல்லாத இடத்தில் அதன் மூன்று வேலைகளையும் நம் கையால் செய்ய வேண்டும். மந்திரம் எதுவும் இல்லை. இனிட் மெத்தடும் ஒரு சாதாரண மெத்தட்தான். அனொட்டேஷன் ஒட்டியிருப்பதால் அதை நாம் அழைக்கக்கூடாது என்று எந்த மொழியும் தடுப்பதில்லை.

```
டெஸ்ட் பட்டியலில்_உள்ள_சொல்_தடைபடும்
    களஞ்சியம் = மாக்(சொற்களஞ்சியம்)
    ஸ்டப் களஞ்சியம்.எல்லாச்_சொற்களும்() -> ["பொய்", "  சண்டை "]
    வடிகட்டி = புதிய சொல்வடிகட்டி(களஞ்சியம், நின்ற_கடிகாரம்)   // எப்போதும் ஒரே நேரம் சொல்லும் போலிக் கடிகாரம்

    வடிகட்டி.தயார்_செய்()

    உறுதி வடிகட்டி.தடையா("பொய்")   == ஆம்
    உறுதி வடிகட்டி.தடையா("சண்டை") == ஆம்
    உறுதி வடிகட்டி.தடையா("மழை")    == இல்லை
```

நடுவில் தனியாக நிற்கும் ஒரு வரிதான் இந்தக் கட்டுரையின் பாதி. அதற்கு மேலே ஏற்பாடு, அதற்குக் கீழே சரிபார்ப்பு.

சரிபார்ப்பு எங்கே நடக்கிறது என்றும் பாருங்கள். 'தடைச்சொற்கள்' என்ற உள்தொகுப்பைப் பிடுங்கி எடுத்து அதில் இரண்டு சொல் இருக்கிறதா என்று எண்ணவில்லை. வெளியில் தெரியும் 'தடையா' வழியாகத்தான் கேட்கிறோம். நாளைக்கு அந்தத் தொகுப்பை வேறு தரவு அமைப்புக்கு மாற்றினாலும் இந்த டெஸ்ட் அப்படியே நிற்கும். உள்ளே கைவிட்டு எண்ணும் டெஸ்ட், நடத்தை மாறாமலே சிவப்பாகும், அதாவது தோற்கும் (தேறினால் பச்சை). மூன்றாவது உறுதிவரியும் அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால், எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று சொல்லும் ஓட்டை வடிகட்டிகூடத் தேறிவிடும்.

## என்னவெல்லாம் சோதிப்பது

அழைப்பதற்கு முன் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேலே உள்ள கிளாஸில் 'தயார்_செய்' ஓடாமல் 'தடையா' என்று கேட்டால், எந்தச் சொல்லுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். அதாவது தயாராகாத வடிகட்டி எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். ஊசி ஏறி இறங்குகிறது, தையல் விழவில்லை. காவல் காக்கும் வேலையில் இருக்கும் கிளாஸ் இப்படி அமைதியாகத் தோற்கக்கூடாது. 'ஏற்றிய_நேரம்' இன்னும் 'இல்லை' என்றிருந்தால் 'தயாராகவில்லை' என்று பிழை எறிவதே சரி என்பது என் கருத்து. அப்படி மாற்றிவிட்டு, இனிட்டை அழைக்காமல் 'தடையா'வைக் கூப்பிடும் ஒரு டெஸ்ட் எழுதி, பிழை வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து கெட்ட தரவு. பட்டியலில் ஒரு வெற்றிட வரி, ஒரு நல், இரண்டு முறை வரும் ஒரே சொல், கொம்பும் காலும் பிரித்துச் சேமித்த 'பொய்'. கடைசியில் சொன்னதை எடிட்டரில் தட்டச்சு செய்து சோதிக்காதீர்கள். எடிட்டரோ விசைப்பலகையோ தானாகவே ஒற்றைக் குறியெண்ணாக மாற்றிவிட்டால், டெஸ்ட் எதையும் சோதிக்காமல் பச்சையாகிவிடும். குறியெண்களை எஸ்கேப் வடிவில், அதாவது எண்களாகவே, நேராக எழுதுங்கள்.

காலிப் பட்டியல் வந்தால் குறிப்பிட்ட அந்தப் பிழைதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏதோ ஒரு எக்ஸெப்ஷன்' என்று பொதுவாக எழுதினால், வேறு காரணத்தால் வரும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷனும் தேர்ச்சி பெற்றுவிடும்.

இனி ஒளிந்திருக்கும் பிழை. இனிட் மெத்தடை இரண்டு முறை அழைத்துப் பாருங்கள். கன்டெய்னர் ஒரு முறைதான் அழைக்கும், உண்மை. ஆனால் 'பட்டியலைப் புதுப்பி' என்று ஒரு வசதி கேட்டு வந்தால், யாராவது இதே மெத்தடைத்தான் மறுபடி அழைப்பார்கள்.

```
டெஸ்ட் மறுபடி_ஏற்றினால்_பழைய_சொல்_போய்விடும்
    ஸ்டப் களஞ்சியம்.எல்லாச்_சொற்களும்() -> முதலில் ["பொய்"], பிறகு ["சண்டை"]
    வடிகட்டி.தயார்_செய்()
    வடிகட்டி.தயார்_செய்()
    உறுதி வடிகட்டி.தடையா("பொய்") == இல்லை
```

இது சிவப்பாகும். தொகுப்பை யாரும் காலி செய்யவில்லை, புதுச் சொற்கள் பழையவற்றின் மேல் போய்ச் சேர்கின்றன. இதைவிட மோசமானது ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் முறை களஞ்சியம் காலிப் பட்டியலைத் தந்தால், பழைய சொற்கள் உள்ளே இருப்பதால் 'காலி எனில்' என்ற சோதனை அசையாது. பிழை வர வேண்டிய இடத்தில் அமைதி.

தீர்வு சிறியது. மெத்தடின் உள்ளே புதிதாக ஒரு தற்காலிகத் தொகுப்பை உருவாக்கி, அதில் நிரப்பி, அதைச் சரிபார்த்து, கடைசி வரியில் மட்டும் 'தடைச்சொற்கள்' என்ற இடத்தில் வையுங்கள். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் பாதி நிரம்பிய தொகுப்பு யார் கண்ணிலும் படாது.

களஞ்சியம் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணுவது எப்போதாவதுதான் தேவை. இங்கே தேவை இருக்கிறது: ஒரு முறை ஏற்றியபின் 'தடையா' என்று நூறு முறை கேட்டாலும் களஞ்சியத்துக்குப் போகக்கூடாது என்பது இந்தக் கிளாஸ் தரும் வாக்கு. மற்ற இடங்களில் அழைப்பை எண்ணும் டெஸ்ட், எழுதிய விதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

இதுவரை: அழைக்கும் முன், நல்ல தரவு, கெட்ட தரவு, தரவே இல்லை, இரண்டாம் முறை. ஐந்து நிலைகளுக்கும் கன்டெய்னர் தேவைப்படவில்லை.

## மாக் கருவிகளில் கால் இடறும் இடங்கள்

ஜாவாவில் பலர் மாக்கிட்டோ என்ற மாக் கருவியின் இன்ஜெக்ட்மாக்ஸ் அனொட்டேஷனைப் பயன்படுத்துகிறார்கள். அது ஆப்ஜெக்டை உருவாக்கும், மாக்குகளை உள்ளே கொடுக்கும், அத்தோடு நின்றுவிடும். போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்ற முத்திரையை அது திரும்பியும் பார்ப்பதில்லை. பெயரில் இன்ஜெக்ட் என்று இருப்பதால் அதுவும் ஒரு குட்டி கன்டெய்னர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அது நூலைக் கையில் கொடுக்கும் ஆள் மட்டுமே, கோப்பவர் அல்ல.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. ஸ்டப் செய்யாத மாக் பல கருவிகளில் பிழை எறியாது, ஏதோ ஒரு வெற்றுப் பதிலைச் சொல்லும். மாக்கிட்டோவில் பட்டியல் கேட்டால் காலிப் பட்டியல், எண் கேட்டால் 0, சரம் கேட்டால் நல். நம் கிளாஸ் காலிப் பட்டியலைக் கண்டால் பிழை எறிவதால் தப்பித்தோம். அந்தச் சோதனை இல்லாத கிளாஸில், ஸ்டப் செய்ய மறந்த இனிட் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடி முடியும். 'மழை தடைபடாது' போன்ற எதிர்மறை டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக இருக்கும். பழுது பார்ப்பவரின் மேசையில் ஓடிய மெஷின் இதுதான்.

மூன்றாவது, வரிசை. இனிட்டை அழைத்த பிறகு ஸ்டப் எழுதுவது:

```
    வடிகட்டி.தயார்_செய்()
    ஸ்டப் களஞ்சியம்.எல்லாச்_சொற்களும்() -> ["பொய்"]   // நேரம் கடந்துவிட்டது
```

இப்படி யாரும் வேண்டுமென்றே எழுதுவதில்லை. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் பொது ஏற்பாட்டு மெத்தடில் இனிட்டை அழைத்துவிட்டு, டெஸ்டின் உள்ளே ஸ்டப் எழுதும்போது இது தானாக நடந்துவிடுகிறது. இனிட்டைப் பொது ஏற்பாட்டில் வைக்காமல், 'தயாரான_வடிகட்டி("பொய்", "சண்டை")' என்பது போல ஓர் உதவி மெத்தட் எழுதிக்கொள்வது நல்லது. அதன் உள்ளே ஸ்டப், உருவாக்கம், இனிட் மூன்றும் சரியான வரிசையில் இருக்கும். பட்டியல் முக்கியமில்லாத டெஸ்டுகள் அதை அழைக்கட்டும். இனிட்டையே சோதிக்கும் டெஸ்டுகள் ஒவ்வொரு அடியையும் தாமே எழுதட்டும்.

ஒரு குறிப்பு. ஜாவாவில் டெஸ்டுகளை ஓட்டும் கருவியான ஜேயூனிட் 5-உடன் மாக்கிட்டோ எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தினால், எழுதிய ஸ்டப் பயன்படாமல் போகும்போது 'தேவையில்லாத ஸ்டப்' என்று டெஸ்டைத் தோற்கடிக்கும். எரிச்சலில் லீனியன்ட் என்று தளர்த்திவிட்டுப் போகிறவர்கள் அதிகம். தளர்த்துவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்: அந்த ஸ்டப்பைப் படிக்க வேண்டிய இனிட் மெத்தடை அழைக்கவே இல்லையோ?

## ப்ரைவேட் ஆக இருந்தால்

போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தட் ப்ரைவேட் ஆகவும் இருக்கலாம், கன்டெய்னர் எப்படியும் அழைத்துவிடும். ஆனால் டெஸ்டால் அழைக்க முடியாது. உடனே எல்லோரும் ரிஃப்ளெக்‌ஷன் பக்கம் ஓடுகிறார்கள். அதாவது, ஓடும் நேரத்தில் மெத்தடைப் பெயரால் தேடிப் பிடித்து, பூட்டைத் திறந்து அழைப்பது. இது வேலை செய்யும், ஆனால் இரண்டு தொல்லைகள். மெத்தடின் பெயர் வெறும் சரமாக டெஸ்டில் உட்கார்ந்திருப்பதால், பெயரை மாற்றினால் கம்பைலர் எச்சரிக்காது. நேரடி ரிஃப்ளெக்‌ஷனில் உள்ளே எறிந்த பிழை இன்னோர் எக்ஸெப்ஷனின் உறைக்குள் சுற்றி வரும் என்பதால், 'பட்டியல்_காலிப்_பிழை வர வேண்டும்' என்று எழுதிய டெஸ்ட், சரியான பிழை வந்தும் தோற்கும்.

எளிய வழி, ப்ரைவேட் என்ற சொல்லை எடுத்துவிடுவது. ஜாவாவில் எதுவும் போடாமல் விட்டால் அந்த மெத்தட் அதே பேக்கேஜுக்கு மட்டும் தெரியும். டெஸ்டும் அதே பேக்கேஜில் இருப்பதுதான் வழக்கம். சி ஷார்ப்பில் இன்டர்னல் என்று வைத்து, டெஸ்ட் அசெம்பிளிக்கு மட்டும் பார்வை கொடுக்கலாம். 'டெஸ்டுக்காகக் கிளாஸைத் திறந்துவிடுவதா?' என்ற சங்கடம் பலருக்கு உண்டு. வெளியிலிருந்து கன்டெய்னர் அழைக்கும் ஒரு மெத்தட் உண்மையில் ப்ரைவேட் இல்லை என்பதை நினைத்தால் அந்தச் சங்கடம் குறையும்.

## காத்திருக்க வேண்டிய இனிட்

சி ஷார்ப்பிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் கன்ஸ்ட்ரக்டர் அசிங்க் (async) ஆக, அதாவது பிறகு முடியும் வேலைக்குக் காத்திருப்பதாக, இருக்க முடியாது. நெட்வொர்க்கில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அந்த வேலை தனி இனிட் மெத்தடுக்குத்தான் போகும், அது ஒரு டாஸ்க்கையோ ப்ராமிஸையோ, அதாவது 'முடிந்ததும் தருகிறேன்' என்ற வாக்கை, திருப்பும். டெஸ்டில் அதன் முன் 'முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் அவெய்ட் போட மறந்தால், பட்டியல் வந்து சேர்வதற்கு முன்பே உறுதிவரிகள் ஓடிவிடும். ஒரு முறை பச்சை, ஒரு முறை சிவப்பு என்று ஆடும் டெஸ்டுகளில் முதலில் தேட வேண்டிய இடம் இது.

அதை ஸ்லீப் போட்டு, அதாவது குத்துமதிப்பாகச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, சரிசெய்யாதீர்கள். இனிட் பின்னணித் த்ரெட்டில் வேலையைத் தொடங்குகிறது என்றால், த்ரெட்டைக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டரையும் ஒரு சார்பாக வாங்குங்கள். டெஸ்டில், கொடுத்த வேலையை அதே த்ரெட்டில் உடனே ஓட்டும் ஒரு போலியைக் கொடுங்கள். 'நின்ற_கடிகாரம்' செய்வதும் இதுதான். கணினியின் நேரத்தை நேராகப் படித்தால், ஏற்றிய நேரம் என்ன என்று எந்த டெஸ்டும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆங்குலரில் சற்று வேறு கணக்கு. அதன் டெஸ்ட் கருவியான டெஸ்ட்பெட் மூலம் காம்பொனென்டை (திரையின் ஒரு பகுதிக்கான கிளாஸ்) உருவாக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் மட்டும் ஓடுகிறது; மாற்றங்களைத் திரைக்குக் கொண்டுபோகும் டிடெக்ட்சேஞ்சஸை முதல் முறை அழைக்கும்போதுதான் என்ஜிஆன்இனிட் ஓடும். ஸ்டப்புகள் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். என்ஜிஆன்இனிட்டைக் கையாலும் அழைத்து, டிடெக்ட்சேஞ்சஸும் அழைத்தால் இனிட் இரண்டு முறை ஓடும். ஒரே கோரிக்கையை எதிர்பார்த்த இடத்தில் இரண்டு வந்து நிற்கும். இன்னொன்று: சர்வீஸ் கிளாஸில் என்ஜிஆன்இனிட் என்று எழுதிவைத்தால் ஆங்குலர் அதை அழைக்கவே அழைக்காது. அது காம்பொனென்டுக்கும் டைரெக்டிவுக்கும் உள்ளது.

## இனிட்டே இல்லாமல் செய்ய முடியுமா

பல நேரம் முடியும். பட்டியலை ஏற்றிச் சீராக்கும் வேலையைத் தனி ஏற்றுக்கிளாஸுக்குக் கொடுத்து, தயாரான தொகுப்பைச் சொல்வடிகட்டியின் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பலாம். அப்போது 'பிறந்தது, ஆனால் தயாராகவில்லை' என்ற இடைநிலையே இருக்காது. 'தடையா'வைச் சோதிக்க மாக்கும் வேண்டாம், நாலு சொல் கொண்ட தொகுப்பு போதும். இனிட் டெஸ்டுக்கு ஏற்பாடு மட்டும் முப்பது வரி போகிறது என்றால், அந்தக் கிளாஸ் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது என்று அர்த்தம்.

## மிச்சம் இருக்கும் ஒரு கேள்வி

இனிட் என்ன செய்கிறது என்பதை எல்லாம் சோதித்தாயிற்று. கன்டெய்னர் அதை உண்மையிலேயே அழைக்கிறதா? யூனிட் டெஸ்டால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது, ஏனென்றால் அங்கே அழைத்தது நாம். அனொட்டேஷனை யாராவது தவறுதலாக அழித்துவிட்டால்கூட மேலே எழுதிய டெஸ்டுகள் அத்தனையும் பச்சையாகவே இருக்கும்.

அழிக்கத்தான் வேண்டும் என்றில்லை. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் முதலில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜில் இருந்தது. ஜாவா 11-இல் அது ஜாவாவோடு வரும் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து நீங்கியது. ஜாவா இஇயின் தொடர்ச்சியான ஜகார்த்தா இஇயின் 9-ஆம் பதிப்பில் பேக்கேஜின் பெயரே ஜகார்த்தா என்று மாறியது. இரண்டும் கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களில், இருந்தால் இரண்டுமே கம்பைல் ஆகும். ஒரு பெயரை மட்டும் தேடும் கன்டெய்னருக்கு மற்றது வெறும் ஒட்டுச்சீட்டு. பிழை காட்டாமல் தாண்டிப் போய்விடும். ஆப்ஜெக்டை யாரோ கையால் உருவாக்கிவிட்டாலும் இதே கதி. ஸ்பிரிங்கில் இன்னொரு விஷயமும் உண்டு: ட்ரான்ஸாக்‌ஷன் போன்றவற்றைச் சேர்க்கும் ப்ராக்ஸி என்ற உறை, பொதுவாக இனிட் முடிந்த பிறகுதான் ஆப்ஜெக்டைச் சுற்றிப் போர்த்தப்படுகிறது. அதனால் இனிட் மெத்தடின் தலையில் எழுதிய ட்ரான்ஸாக்‌ஷன் அனொட்டேஷன் அங்கே வேலை செய்யாது.

இவற்றுக்கு ஒரே ஒரு இன்டக்ரேஷன் டெஸ்ட் போதும், அதாவது உண்மையான கன்டெய்னரை ஏற்றிச் சோதிப்பது. முழு அப்ளிகேஷனும் தேவையில்லை. சொல்வடிகட்டி, ஒரு சொல் மட்டும் தரும் போலிக் களஞ்சியம், ஒரு கடிகாரம் என்று மூன்றை மட்டும் பதிவு செய்த சிறு கன்டெய்னர்.

```
டெஸ்ட் கன்டெய்னர்_தயார்செய்து_தருகிறது
    கன்டெய்னர் = ஏற்று(சொல்வடிகட்டி, ஒருசொல்_களஞ்சியம், நின்ற_கடிகாரம்)
    வடிகட்டி = கன்டெய்னர்.எடு(சொல்வடிகட்டி)
    உறுதி வடிகட்டி.தடையா("பொய்") == ஆம்
```

இதில் 'தயார்_செய்' என்ற அழைப்பு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கக்கூடாது. யாராவது உதவி செய்வதாக நினைத்து அதை இங்கே சேர்த்துவிட்டால், அனொட்டேஷன் காணாமல் போன அன்றைக்கும் இந்த டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.